பாட்டு வேறு, பேச்சு வேறு

கேள்வி: பதினைந்து வருடமாக ஒரு பாடகரை உயிராக நினைத்துக் கேட்டு வருகிறேன். ஆனால் அவருடைய பேட்டி என்றால் பத்து நிமிடம் கூட என்னால் உட்கார முடிவதில்லை. அவர் திணறினால் எனக்கு வியர்க்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்க்கிறேன், சில சமயம் எழுந்து அடுத்த அறைக்கே போய்விடுகிறேன். போன வாரம் ஒரு பேட்டியில் ஏதோ சொல்லிவிட்டு அவரே சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவர் பாட்டைக் கேட்கவே பிடிக்கவில்லை. பேசத் தெரியாதவர்கள் பேட்டி கொடுக்காமல் இருந்தால் என்ன? அல்லது என் ரசனையில்தான் கோளாறா?

பதில்: ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்தப் "பேசத் தெரியாதவர்கள்" என்ற வார்த்தையோடுதான். நன்றாகப் பேசுவேன் என்று அவர் உங்களுக்கு எப்போது வாக்குக் கொடுத்தார்? பாட வந்தார், பாடினார், பதினைந்து வருடம் உங்களைப் பிடித்து உட்கார வைத்தார். பேச்சு தனி வித்தை. அது கைவராத மேதைகள் எத்தனையோ பேர். நாவலாசிரியர் நபக்கோவ், கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் பேட்டிக்குச் சம்மதிப்பார், பதிலையும் எழுதியே தருவார். தொலைக்காட்சிக்கு வந்தபோது கூட எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத்தான் படித்தார். நேரில் பேச்சென்று வந்தால் தான் ஒரு குழந்தை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வார்த்தையே தொழிலாக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால் உங்கள் பாடகர் நாலு இடத்தில் திணறுவதில் என்ன குற்றம்?

வியர்ப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சங்கடப்படுவதைப் பார்க்கும்போது நமக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஜெர்மனியில் சிலர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்தவரின் வலியைப் பார்க்கும்போது வேலை செய்கிற அதே பகுதிகள் இதற்கும் வேலை செய்கின்றன என்பது அவர்கள் கண்டது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இன்னொன்று: சம்பந்தப்பட்டவர் தான் சங்கடமான நிலையில் இருப்பதை உணராவிட்டாலும் பார்ப்பவருக்கு அந்தக் கூச்சம் வருகிறது. அதாவது, அந்தச் சிரிப்புக்குப் பிறகு உங்கள் பாடகர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம், தூங்காமல் கிடந்தது நீங்கள்தான்.

சரி, இது யாருக்கும் வருகிற கூச்சம். முன்பின் தெரியாத ஒருவர் மேடையில் உளறினாலும் கொஞ்சம் நெளிவோம், ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவோம். உங்களுக்கு இரண்டு நாள் பாட்டே பிடிக்காமல் போனதே, அதற்கு வேறு காரணம் இருக்கிறது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருகிறவர்களோடு ரசிகர் மனதில் ஒரு நெருக்கம் வளர்கிறது, பார்ப்பதற்கு அது நட்பு மாதிரியே இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான் ஓடுகிறது. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த நெருக்கம் பொய் என்றும் சொல்ல மாட்டேன், உங்களைக் கஷ்ட காலத்தில் அந்தக் குரல் தாங்கியிருந்தால் அது உண்மையாகவே தாங்கியதுதான். ஆனால் அந்தப் பதினைந்து வருடத்தில் நீங்கள் அவருக்கு இன்னொன்றும் செய்திருக்கிறீர்கள். அவருக்கு ஒரு பேச்சைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டைப் பாடியவர் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார், எதற்கு மௌனமாக இருப்பார் என்று ஒரு ஆளையே உள்ளே உருவாக்கி வைத்திருக்கிறீர்கள், அவர் மிக அழகாகப் பேசுகிறார், ஒருநாளும் அசட்டுத்தனமாகச் சிரிப்பதில்லை. பேட்டியில் நிஜ ஆள் வாயைத் திறந்ததும் உள்ளே இருப்பவர் கலைகிறார். நீங்கள் சத்தத்தைக் குறைப்பது அவரைக் காப்பாற்றத்தான். முகத்தை மட்டும் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, கவனித்தீர்களா? முகத்தை வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் எடுத்துவிடுகிறீர்கள்.

இதில் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. அச்சில் ஒரு பேட்டியைப் படிக்கும்போது அவர் சரளமாகப் பேசுவதாக நினைக்கிறீர்கள். "அது வந்து", "என்ன சொல்றது" எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துவிடுகிறோம், பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்து வைக்கிறோம், மூன்று தரம் சுற்றிச் சொன்னதை ஒரே தரமாக்குகிறோம். வீடியோவில் அந்தத் தயவு குறைவு. ஏழு விநாடி மௌனம் ஏழு விநாடியாகவே வந்து நிற்கும். அவர் யோசிக்கிறார், நமக்கோ அவர் மாட்டிக்கொண்ட மாதிரி தெரிகிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பாடகரைப் பேட்டி எடுத்தேன், பெயர் வேண்டாம். இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய ஆள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் எனக்கு முன்னால் நாலு பேர், எனக்குப் பின்னால் மூன்று பேர். முதல் வாய்ப்பு எப்படி வந்தது, அந்த இன்னொரு பாடகரோடு மனஸ்தாபம் உண்மையா, பிடித்த நிறம் எது என்று எனக்கு எழுதிக் கொடுத்திருந்த கேள்விகளைத்தான் நானும் கேட்டேன். அவர் கையில் ஒரு டிஷ்யூ பேப்பர் இருந்தது. பேசப் பேச அதை மெல்லிய இழைகளாகக் கிழித்து முழங்காலின் மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தார். பதில்கள் எல்லாம் ஏற்கெனவே வேறெங்கோ படித்தவை, வார்த்தை கூட மாறவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டு எழுந்தபோது, என் மனதில் நெடுநாளாக இருந்த ஒன்றைக் கேட்டேன்: ஒரு குறிப்பிட்ட பாட்டில் சரணத்தின் இரண்டாவது வரி நீளமான வரி, அதில் எங்கே மூச்சு எடுத்தீர்கள், எனக்குக் கேட்கவே இல்லையே? காகிதத்தைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வரியை மெதுவாக இரண்டு முறை பாடிக் காட்டினார், ஒரு மெய்யெழுத்தில் நாக்கு மேலண்ணத்தைத் தொடும் அந்தக் கணத்தில் மூக்கு வழியாக எடுக்கிற சின்ன மூச்சைக் காட்டினார், அதை யாரிடம் கற்றார், எத்தனை மாதம் வரவில்லை என்றெல்லாம் சொன்னார். கைக்கடிகாரக்காரர் இரண்டு தரம் இருமினார். பாடகர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால்தான், திணறுகிற எந்தப் பேட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் கேள்வி கேட்பவரைத்தான் பார்க்கிறேன். ஜான் ஃப்ரீமன் என்பவர் பிபிசியில் 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கேள்வி கேட்பவரின் முகம் தெரியாது, கேமரா விருந்தினர் முகத்தை நெருங்கியே நிற்கும். 1960-ல் கில்பர்ட் ஹார்டிங் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி ஆளுமை வந்தார், சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். ஒருவர் சாகும்போது பக்கத்தில் இருந்திருக்கிறீர்களா என்று ஃப்ரீமன் கேட்டார். ஹார்டிங் தன் தாயின் பக்கத்தில் இருந்திருக்கிறார். குரல் உடைந்தது, கண் கலங்கியது, கேமரா நகரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஹார்டிங் இறந்துபோனார், அந்தக் கேள்விக்காக ஃப்ரீமன் பின்னாளில் வருந்தினார். அந்த நிகழ்ச்சியை இன்றைக்கு ஒருவர் பார்க்க முடியாமல் எழுந்து போனால் அவர் மேல் குறை சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். உங்கள் கூச்சத்திலும் ஒரு பகுதி இதுதான், உங்களுக்குப் பிடித்த மனிதரை யாரோ அநாவசியமாக நெருக்குவதைப் பார்க்கச் சகிக்காமல் வருவது.

ஆகவே, பேட்டியைப் பார்க்காமல் இருங்கள், ஒன்றும் குடி முழுகிப் போகாது. ரசிகராக இருப்பதற்கு எல்லாப் பேட்டியையும் பார்த்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. அவர் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். புதுப் பாட்டு வரும்போது பத்து இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று பெரும்பாலும் ஒப்பந்தமே இருக்கும். யாரும் சிரிக்காத அந்த நகைச்சுவையும் அன்றைக்கு எட்டாவது பேட்டியில் சொன்னதாக இருக்கலாம்.

அப்புறம், எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். பதினைந்து வருடம் கேட்ட காது உங்களுடையது. அவர் பாட்டில் எந்த இடம் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அவரைச் சந்திக்க எனக்கு வாய்த்தால், ரெக்கார்டரை அணைப்பதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிடுகிறேன்.