மரம் கடையும் லேத்துக்கு எந்த ஸ்டீல் ஃபேஸ்பிளேட் வாங்குவது?

ஃபேஸ்பிளேட், அதாவது கட்டையை ஸ்க்ரூ போட்டு லேத்தில் பிடிக்கும் வட்டத் தகடு, 3 அங்குலமா 6 அங்குலமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், பிளேட்டைத் திருகும் சுழல் தண்டான ஸ்பிண்டிலின் மரையைப் பாருங்கள். சின்ன லேத்துகளில் பெரும்பாலும் 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை. பெரியவற்றில் 1¼ அங்குலத்துக்கு அதே 8, அல்லது 33 மி.மீ. விட்டத்துக்கு 3.5 மி.மீ. இடைவெளி. இது பொருந்தாவிட்டால் மற்றது எதையும் பேசிப் பயனில்லை.

திருகி முடித்ததும் பிளேட்டின் பின்முகம் ஸ்பிண்டிலின் தோளில் (மரை முடியும் இடத்திலுள்ள தடித்த விளிம்பில்) ஒட்டி உட்கார வேண்டும். இடையில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கட்டை ஆடிக்கொண்டேதான் சுற்றும்.

சாதாரணக் கிண்ணத்துக்கு 3 அங்குலமே போதும். ஈரமான, கோணல்மாணலான கனத்த கட்டைக்குத்தான் 6. அலுமினியம் எடை குறைவு, ஆனால் மரை சீக்கிரம் தேயும். ஸ்டீல் என்ற உங்கள் முடிவு சரி. லேத்தை எதிர்த்திசையில் ஓட்டுவீர்கள் என்றால் பக்கவாட்டில் பூட்டுத் திருகு உள்ளதாக வாங்குங்கள், இல்லையேல் பிளேட் கழன்று வந்துவிடும்.

அப்புறம், பலரும் கோட்டைவிடுவது ஸ்க்ரூவில். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். வளையாது, பட்டென்று தலை முறியும். கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் பிடிப்பு குறைவு. அங்கே தடித்த, நீளமான ஸ்க்ரூவாகப் போடுங்கள்.