கூலியை விறகில் தேடாதீர்கள்

கேள்வி: எனக்கு 39 வயது. தாம்பரம் பக்கம் மரம் வெட்டுவது, கிளை கழிப்பது போன்ற வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறேன். என்னிடம் நான்கு பேர் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் போன் ஓயாது. மாசியிலிருந்து ஆனி வரை வாரத்துக்கு ஒரு வேலை வந்தாலே பெரிது. ஒரு நாள் வேலைக்கு ஆள் கூலி 4,800, வண்டி வாடகை 1,500, பெட்ரோல், ஆயில் 600, டீ, சாப்பாடு 500 ஆகிறது. வீட்டுக்காரர்களோ, “5,000 வாங்கிக்கொள்ளுங்கள், விறகு உங்களுக்கு” என்கிறார்கள். பெல்ட் கட்டச் சொன்னால் ஆட்கள் கேட்பதில்லை. போன மாதம் ஒருவர் பெருங்கொன்றை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருக்கிறார். அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். இப்போது சேலையூரில் வயதான அம்மா ஒருவர் தன் வீட்டு வேப்பமரத்தை அடியோடு எடுக்கச் சொல்கிறார். நல்ல மரம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இலை விழுகிறதாம். வெட்ட மனம் வரவில்லை, விறகை நினைத்தால் விடவும் முடியவில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியில் அப்பா டிரைவர் என்று சொல்லியிருக்கிறாள். தொழிலை விட்டுவிடுங்கள் என்கிறார் மனைவி. விட்டுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாம்பரம்

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் இடுப்பு முறிந்து படுத்திருப்பவரைப் பற்றிப் பேசிவிடுவோம். அவருடைய செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டது முற்றிலும் சரி. “பெல்ட் கட்டாமல் ஏறியது அவர் தப்பு” என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதற்காகவே உங்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. வேலையில் நேரும் விபத்துக்கு வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. நாளை இன்னொருவர் விழுந்தாலும் அந்தப் பொறுப்பு உங்களுடையதுதான். அதைக் கடன் வாங்கித் தாங்க முடியாது.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். வங்கிக் கணக்கு உள்ள, 18 முதல் 70 வயது வரையிலான யாரும் சேரலாம். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் நேர்ந்தாலோ 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்த வாரமே உங்கள் ஆட்களை வங்கிக்கு அழைத்துப் போங்கள், நீங்களும் சேருங்கள். ஆனால் எலும்பு முறிந்து சில மாதங்கள் படுத்துத் தேறுகிறவருக்கு இந்தத் திட்டம் கைகொடுக்காது. ஆஸ்பத்திரிச் செலவையும், வேலைக்குப் போக முடியாத வாரங்களின் வருமானத்தையும் ஈடுகட்டுகிற தனி விபத்துக் காப்பீடு ஒன்றும் வேண்டும். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதி ஒப்பேற்றாதீர்கள். மரமேறும் வேலை என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் பணம் கேட்கும் நாளில் அதையே காரணமாகக் காட்டுவார்கள். தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலும் எல்லோரையும் பதிவு செய்யுங்கள். அங்கே பிள்ளைகளின் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு.

பெல்ட் கட்ட மறுக்கிறவரை மரத்தில் ஏற்றாதீர்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அன்று அவருக்குக் கீழே கயிறு பிடிக்கும் வேலைதான் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை கட்டிக்கொள்வார். இடுப்பில் ஒற்றைக் கயிறு கட்டுவது பெல்ட் ஆகாது. விழுகிற வேகத்தில் அந்தக் கயிறே விலாவையும் முதுகையும் ஒடித்துவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். மரத்தோடு பிணைக்கும் கயிறும் இரண்டு வேண்டும், ஒன்றை அவிழ்த்து மேலே மாற்றுகிறபோது இன்னொன்று மரத்தோடு இருக்க வேண்டும். செயின் ரம்பம் ஓடும் இடத்தில் நைலான் கயிற்றை மட்டும் நம்பக் கூடாது, உள்ளே எஃகுக் கம்பி ஓடும் கயிறு தேவை. ரம்பத்தை ஒரு கையால் பிடித்து வெட்டுகிற பழக்கம் உங்கள் ஆட்களில் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ரம்பத் தகட்டின் நுனி கிளையில் பட்டால் அது முகத்தை நோக்கித்தான் எகிறும். ஏறுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துக் குளவிக்கூடும் முசுறும் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். முசுறு கடித்தால் கை தானாக உதறும், பிடி போய்விடும்.

மின்கம்பி பக்கத்தில் கிளை இருந்தால் வேலை தொடங்குகிற இடம் மின்வாரியப் பிரிவு அலுவலகம். உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும். “மெயினை ஆஃப் செய்துவிட்டேன், ஏறுங்கள்” என்று வீட்டுக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். அவர் நிறுத்தியது அவர் வீட்டுக்குள் போகிற மின்சாரத்தை மட்டும்தான். பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும், மழையில் நனைந்த கிளை இன்னும் நன்றாகக் கடத்தும்.

இப்போது உங்கள் தொழிலைப் பிடித்திருக்கும் நோய்க்கு வருகிறேன். அது விறகைக் கூலியாக வாங்குவது. நீங்கள் எழுதிய கணக்கையே கூட்டிப் பாருங்கள். 7,400 ரூபாய் வருகிறது. இதில் உங்கள் கூலி எங்கே? ரம்பத்தின் தேய்மானம் எங்கே, காப்பீட்டுப் பணம் எங்கே, வேலையில்லாத வாரங்களுக்கான ஒதுக்கீடு எங்கே? 5,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறபோது, 2,400 ரூபாய் நஷ்டத்தோடு அந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள். அதையும் உங்கள் வயிற்றுப்பாட்டையும் மரத்திலிருந்து எடுத்தாக வேண்டும். ஆகவே ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன்பே கண் மரத்தை எடைபோடத் தொடங்கிவிடுகிறது. கழிக்க வேண்டியது ஓட்டின்மேல் உரசும் மெல்லிய கிளையாக இருக்கும், மனம் போவது தடித்த கிளையின் பக்கம். நீங்கள் நல்லவர் என்பதால் வேம்புக்காக வருந்துகிறீர்கள், ஆனாலும் அந்த ஏற்பாடு உங்களையும் இழுக்கிறது பாருங்கள்.

விறகாவது நிலையான பணமா என்றால் அதுவும் கிடையாது. பச்சை மரம் என்று எடையில் கழிப்பார்கள். குல்மோகரையும் முருங்கையையும் சீந்த ஆளிருக்காது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னை முழுக்க மரங்கள் சாய்ந்தன, திரும்பிய பக்கமெல்லாம் விறகு கிடந்தது. அப்படி எல்லோரும் விறகை ஏற்றிக்கொண்டு போகும் நாளில் கடைக்காரர் சொன்னதுதான் விலை. உங்களுக்கு வேலை அதிகம் கிடைக்கிற பருவத்தில்தான் விறகு மலிகிறது என்றால், அதை நம்பி எப்படிக் கூலி பேசுவது?

இனிமேல் கூலியை முழுதாகச் சொல்லுங்கள். உங்கள் கூலி, தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எந்தக் கிளை, எவ்வளவு நீளம், குப்பையை அள்ளுவது யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். விறகு வீட்டுக்காரருடையது. வேண்டாம் என்றால் இவ்வளவு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று தனி வரியில் எழுதிக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். சிலர் போய்விடுவார்கள். போகட்டும். அவர்கள் வீட்டில் இதுவரை நீங்கள் சம்பாதித்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சேலையூர் அம்மாவிடமும் இந்தத் தாளோடு போங்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும், பிறகு தளிர்த்துவிடும். அந்தச் சில வாரங்களுக்காக முழு மரத்தையும் எடுக்க வேண்டுமா என்று பக்குவமாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு நல்ல மூடியோ வலையோ போட்டுக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்தப் பக்கம் நீண்ட கிளைகளை மட்டும் குறைத்தால் மீதியும் தீரும். ஒரே முறையில் மரத்தின் கால் பங்கு இலைக்கு மேல் எடுக்காதீர்கள். இதையெல்லாம் சொன்ன பிறகும் அவர் வெட்டத்தான் வேண்டும் என்றால் அது அவருடைய மரம். முழுக் கூலி வாங்கிக்கொண்டு ஒழுங்காக வெட்டலாம். அதற்கு மனமில்லை என்றால் மறுத்துவிடலாம். விறகு கணக்கில் இல்லாதபோது இரண்டில் எதைச் செய்தாலும் மனம் உறுத்தாது. வெட்டியே ஆக வேண்டிய மரங்களும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அடிமரத்தில் காளான் பூத்து, தட்டினால் பொந்தாக ஒலித்து, ஒரு பக்கம் மண் எழும்பியிருக்கும் மரத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் எழுத மாட்டேன். அப்படிப்பட்ட மரத்தைக் குழந்தைகள் விளையாடுகிற இடத்திலிருந்து பத்திரமாக இறக்குவதும் நல்ல வேலைதான்.

தெருவில் நிற்கும் மரத்தை மட்டும் யார் சொன்னாலும் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். அது மாநகராட்சியின் மரம். பொது இடத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவு செய்ய ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. வீட்டுக்குள் நின்றாலும் சந்தன மரம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. வழக்கு வந்தால் வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்வார், ரம்பம் பிடித்தவர்தான் நிற்க வேண்டியிருக்கும்.

முழுக் கூலி கேட்க வேண்டுமென்றால் வேலையும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தடித்த கிளையை ஒரே வெட்டில் எடுக்காதீர்கள், பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் வெட்டி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிப் பாரத்தை இறக்கிவிட்டு, மிஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் எடுங்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையமாகத் தடித்திருக்கும் பகுதியை மட்டும் சேதப்படுத்தக் கூடாது. காயத்தை மூடும் புதுப் பட்டை அங்கிருந்துதான் வளர்கிறது. தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகல் பரவாமல் சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று விளக்கியவர் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ. அடிமரங்களைச் செயின் ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்துத்தான் அவர் அதைக் கண்டறிந்தார். அதே ரம்பம்தான் உங்கள் கையிலும் இருக்கிறது.

“உச்சியை மொட்டையடித்துவிடுங்கள்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் கிளைகள் மேல்தோலில் ஒட்டியவை. அவை தடித்த பிறகு ஓர் ஆடிக்காற்றுக்கே பிய்ந்து விழும். அடர்த்தியைக் குறைத்துக் காற்றுக்கு வழிவிடுவதுதான் புயலுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை ஆனி முதல் புரட்டாசி வரை செய்து முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் போன் வரும்வரை காத்திருக்காமல் வைகாசியிலேயே பழைய வாடிக்கையாளர்களை நீங்கள் கூப்பிடுங்கள்.

கோடைக்குத் தென்னை இருக்கிறது. காய் பறிப்பது 45 நாளுக்கு ஒரு முறை வருகிற வேலை. காய் பறிக்க ஏறும்போதே காய்ந்த மட்டையையும் பாளையையும் எடுத்து, குருத்தில் காண்டாமிருக வண்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் அதற்குத் தனியாகக் கூலி கேட்கலாம். ஓலை முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் வண்டு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைய. ஆண்டுக்கு இரண்டு முறை எல்லா மரங்களையும் பார்த்து, பட்ட கிளைகளை எடுத்துத் தருகிறேன் என்று அவர்களுடைய சங்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். பத்துச் சங்கங்களிடம் கேட்டு இரண்டு ஒப்புக்கொண்டாலும் சித்திரை வெறும் மாதமாக இருக்காது.

மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். மரம் நடுவதே நல்லது, வெட்டுவது பாவம் என்று பள்ளிச் சுவரில் படித்து வளர்கிற பிள்ளை அவள். வீட்டில் அவள் பார்ப்பதும் மரத்தூள் படிந்த சட்டையையும் கடன் பற்றிய பேச்சையும்தான். அவளுக்கு விருப்பம் இருந்தால் அந்தக் கூலித் தாள்களை அவள் கையால் எழுதச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்தத் தெரு, என்ன மரம், எந்தக் கிளையை ஏன் எடுத்தோம் என்று பதிந்து வைக்கட்டும். தொழிலுக்கும் அந்த நோட்டு தேவை, அடுத்த ஆண்டு யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். பள்ளியில் என்ன சொல்வது என்பதை அவளே தீர்மானித்துக்கொள்வாள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவி பயத்தில் பேசுகிறார், அந்தப் பயம் நியாயமானது. காப்பீட்டுத் தாளையும் புது பெல்ட்டையும் அவரிடம் காட்டுங்கள். இந்த மழைக்காலம் முழுவதும் முழுக் கூலிக்கு மட்டும் வேலை செய்து, வரவு செலவை அவர் கையிலேயே எழுதவிடுங்கள். தை பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். வட்டிக் கடன் குறைந்திருந்தால் தொடருங்கள். குறையவில்லை என்றால் தயங்காமல் வேறு வேலை தேடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. தொடர்ந்தாலும் 45 வயதுக்கு மேல் நீங்கள் ஏற வேண்டாம். கீழே நின்று கயிற்றையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு இளைஞர் ஒருவரை இப்போதிருந்தே பழக்குங்கள்.