ஒரே முட்டையில் இரண்டு குஞ்சு வருமா?

கேள்வி: மொட்டைமாடியில் நான்கு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். புதிதாக முட்டையிட ஆரம்பித்த விடைக்கோழி ஒன்று பெரிய பெரிய முட்டையாக வைக்கிறது. ஒன்றை ஆம்லெட்டுக்கு உடைத்தால் உள்ளே இரண்டு மஞ்சள் கரு! மீதி இரண்டை இன்குபேட்டரில் வைத்தால் இரட்டைக் குஞ்சு கிடைக்குமா? பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: கிடைக்கலாம், ஆனால் இரண்டும் உயிரோடு வெளியே வருவது ரொம்ப அபூர்வம், அதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். விடைக்கோழி என்றீர்களே, காரணமே அதுதான். ஆரம்பத்தில் அதன் உடம்பு ஒரு நிதானத்துக்கு வந்திருக்காது. நாளுக்கு ஒன்றாக இறங்க வேண்டிய மஞ்சள் கரு அடுத்தடுத்து இரண்டாக இறங்க, ஒரே ஓடு இரண்டையும் மூடிவிடுகிறது. போகப் போகச் சரியாகிவிடும், மருந்து தேடி அலையாதீர்கள்.

சேவல் இருப்பதால் இரண்டிலும் கரு கூடியிருக்கலாம். முதல் வாரம் நன்றாகவே போகும். நானும் ஒருமுறை தெர்மாகோல் பெட்டியில் வைத்துப் பார்த்தேன்: 7-ஆம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டைக்கடியில் பிடித்தால், சிவப்பு நரம்புகளோடு இரண்டு கரும்புள்ளி, இரண்டு சிலந்தி மாதிரி. வீட்டையே கூட்டிக் காட்டினேன். 18-ஆம் நாள் பார்த்தபோது உள்ளே அசைவே இல்லை.

அதுவரை தாங்கினாலும், 21 நாளில் கடைசி மூன்று நாள்தான் பெரிய சிக்கல். ஒற்றைக் குஞ்சு தலையை முட்டையின் அகலமான பக்கம் திருப்பி, அங்கிருக்கும் காற்றறையை அலகால் குத்தி முதல் மூச்சு விடும், அப்புறம் ஓட்டைச் சுற்றிக் கொத்திக்கொண்டே வரும். இரட்டை முட்டையிலும் காற்றறை ஒன்றுதான், திரும்ப இடமும் கிடையாது. காலை நேரத் தாம்பரம் ரயிலில் திரும்பி நிற்கப் பார்த்திருக்கிறீர்களா, அதே கதைதான். ஒன்று செத்தால் பெரும்பாலும் மற்றதும் போய்விடும்.

சரி, வைத்தே தீருவேன் என்றால், காற்றாடி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, அகலப் பக்கம் மேலே, 18-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே கீச்சுச் சத்தம் கேட்டபின் காற்றறைக்கு மேலே ஓட்டில் சின்னத் துளை போடலாம். அவசரப்பட்டு உரிக்காதீர்கள், உள்சவ்வில் ரத்த நரம்பு தெரிந்தால் குஞ்சு இன்னும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்து முடிக்கவில்லை, கிழித்தால் ரத்தம் கொட்டும். டார்ச்சில் அசைவு நின்றுவிட்ட முட்டையை உடனே எடுத்துவிடுங்கள், வெடித்தால் நாற்றம் மாடிப்படி வரை இறங்கும்.

ஒருவேளை இரண்டும் பொரித்தால், அவை அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது. தனித்தனிக் கரு, ஒன்று சேவலாகவும் மற்றது பெட்டையாகவும்கூட இருக்கலாம்.

கேள்வி: மளிகைக் கடையில் வாங்கிய வெள்ளை முட்டையில் அடிக்கடி இரட்டைக் கரு வருகிறது. அதை அடை வைக்கலாமா?
- வாசகர், வளசரவாக்கம்

பதில்: நாமக்கல் பக்கத்துப் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. 21 நாள் காத்திருந்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும், அடை வைக்காமல் மிளகுத்தூள் தூவி ஆஃப்பாயில் போட்டுவிடுங்கள்.