ஷிகோகு 88 கோயில் நடை: கேட்டவர்களுக்குச் சொன்னது

ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்கள். நடந்தால் சுமார் 1,200 கிலோமீட்டர். ஷிங்கோன் பௌத்தத்தை நிறுவிய குக்காய் (774–835) பிறந்த தீவு அது. ஊர்க்காரர்களுக்கு அவர் 'கோபோ தைஷி'. நான் இரண்டு தடவையாகப் பிரித்து நடந்து முடித்தவன். பர்மாவில் யாங்கோன், பெகு, மோல்மேன் பக்கத்து நம்ம தமிழர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில்.

தமிழும் பர்மா பாஷையும்தான் தெரியும் தம்பி, இங்கிலீஷ் அரைகுறை. சமாளிக்க முடியுமா? (தாம்வே அக்கா)

முடியும் அக்கா. இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்களே அங்கே கிராமத்து விடுதியில் முழிக்கிறார்கள். நமக்கு ஒரு வசதி உண்டு. 'சாப்பிட்டாச்சா', 'சா பீபீலா', 'தபேமாஷித கா' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். வினை கடைசியில், கேள்வி அதன் வாலில். பர்மாவில் 'லா', ஜப்பானில் 'கா', நமக்கு 'ஆ'. வார்த்தையை மாற்றிப் போட்டாலே பாதி வாக்கியம் வந்துவிடும்.

'சுமிமாசென்' (மன்னிக்கணும், கொஞ்சம் கேளுங்க), 'மிசு' (தண்ணீர்), 'இதாய்' (வலிக்குது), 'அஷிதா' (நாளைக்கு), 'அரிகாதோ' (நன்றி) இந்த ஐந்தையும் வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருங்கள். 'தைஜோபு' மட்டும் ஏமாற்றும். 'பரவாயில்லை' என்றும் அர்த்தம், 'வேண்டாம்' என்றும் அர்த்தம். சோறு போட வரும்போது சொல்லிவிடாதீர்கள்.

ஜப்பான் எழுத்தில் எண்களை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஒன்று முதல் பத்து வரை போதும். வழி காட்டும் பழைய கற்கள் பலவற்றில் கை நீட்டிய படமும் எண்ணும் வெட்டியிருக்கும்.

விடுதியில் இடம் வேண்டுமென்றால் முன்கூட்டி போன் பண்ணித்தான் சொல்லணுமாமே? (பெகுவிலிருந்து ஒருவர்)

பல சின்ன விடுதிகளில் அப்படித்தான். நான் செய்தது: ஒரு அட்டையில் தேதி, ஆள் எண்ணிக்கை, 'ராத்திரியும் காலையும் சாப்பாடு', மறுநாள் விடுதியின் பெயர், எல்லாவற்றையும் ஜப்பான் பாஷையில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன். ராத்திரி சாப்பிட்டதும் வீட்டம்மாவிடம் அட்டையைக் காட்டி, கையைக் காதில் வைத்துக் காட்டினால் அவரே போன் பண்ணிச் சொல்லிவிடுவார். மொழிபெயர்க்கும் ஆப் இருக்கட்டும், மலைக்குள் சிக்னல் போய்விடும். அட்டை போகாது. சொன்ன விடுதிக்கு வர முடியவில்லை என்றால் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள். அந்த அம்மா நமக்காக மீன் வாங்கி வைத்திருப்பார்.

நான் சைவம். மீன் என்றதும் பயமாக இருக்கிறதே? (மோல்மேன் மாமி)

நம்ம ஊரில் எந்தக் குழம்பிலும் நாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) ஒளிந்திருக்கிற மாதிரி, அங்கே எந்தச் சூப்பிலும் 'தாஷி' ஒளிந்திருக்கும். காய்ந்த மீனும் கடற்பாசியும் ஊறிய தண்ணீர் அது. சுத்த சைவத்துக்கு அவர்கள் சொல்வது 'ஷோஜின்'. கோயில் விடுதிகள் சிலவற்றில் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள். மற்ற நாட்களுக்குச் சோறு, டோஃபு, ஊறுகாய். கையில் இட்லிப் பொடி எடுத்துப் போங்கள் மாமி.

எப்படிப் பழகுவது? என்னென்ன தூக்கிக்கொண்டு போகலாம்? (தன்லின் தம்பி)

பையில் நாலு பர்மா வீசைக்கு (சுமார் ஆறரைக் கிலோ) மேல் வேண்டாம், தண்ணீரோடு சேர்த்து. நாலு வீசை அரிசியைக் கட்டிக்கொண்டு கின்புன்னிலிருந்து மலைமேல் இருக்கும் சைக்தியோ பயாவுக்கு (தங்கப் பாறைப் பகோடா) நடந்து ஏறு. சுமார் 11 கிலோமீட்டர். மறுநாளும் எழுந்து நடக்க முடிந்தால் நீ தயார். ஏன் என்றால் அங்கே 11ஆம் கோயிலிலிருந்து 12ஆம் கோயிலுக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் மலைப்பாதை. அதற்கு 'ஹென்ரோ கொரோகாஷி', யாத்ரீகன் உருளும் இடம் என்று பெயர். அது வருவது ஆரம்பத்திலேயே, உடம்பு இன்னும் பழகாத நேரத்தில்.

மலையைவிடத் தார் ரோடுதான் காலைத் தின்னும். வழியில் பெரும்பகுதி அதுதான். நாம் செருப்புப் போட்டே வளர்ந்த ஆட்கள், பாதம் அகலம். ஷூவை அரை சைஸ் பெரிதாக வாங்கி, இங்கேயே ஒரு மாதம் போட்டு நட. மார்ச் முதல் மே வரை, இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். முழுதும் நடக்கப் பெரும்பாலானவர்களுக்கு 40 நாளாவது ஆகும். விசாவில் அத்தனை நாள் கிடைக்காவிட்டால் முதல் 23 கோயில்களோடு நிறுத்திவிட்டு, அடுத்த தடவை தொடரலாம். அவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

முன்பின் தெரியாதவர் பழம், காசு கொடுத்தால் வாங்கலாமா?

வாங்கணும். அதற்கு 'ஓசெத்தாய்' என்று பெயர். யாத்ரீகனுக்குக் கொடுப்பது தைஷிக்கே கொடுப்பது. ஒரு பாட்டி நாலு ஆரஞ்சை முந்தானை போலக் கட்டிய துணியில் நீட்டினார். நான் கூச்சத்தில் கையை ஆட்டினேன். அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. வாங்கிக்கொண்டு, உங்கள் பெயர் எழுதிய வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கொடுங்கள். முதல் கோயிலிலேயே கட்டாக விற்கும்.

சாமி கும்பிடும் முறை தெரியாதே?

ஹிருதய சூத்திரம் என்ற சின்ன பௌத்த சூத்திரத்தைப் படிப்பார்கள். கடைசியில் 'கியாதே கியாதே' என்று ஆரம்பித்து 'சோவாகா' என்று முடியும். அது நம்ம ஹோமத்து 'ஸ்வாஹா'தான். கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் யாத்திரைப் புத்தகத்தில் கோயில் முத்திரை வைத்து எழுதித் தருமிடம் சாயங்காலம் 5 மணிக்கு மூடிவிடும். பயா மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றாதீர்கள், முற்றத்தில் ஷூவோடுதான்.

மௌன விரதமாகவே நடக்கலாமா?

தாராளமாக. வழியில் பள்ளிப் பிள்ளைகள் 'கொன்னிச்சிவா' என்றால் தலை குனிந்தால் போதும். ஆனால் விடுதியில் வேண்டாம். ஒரு வீட்டம்மா ராத்திரிச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார். நான் நம்ம பழக்கத்தில் 'ஆமா' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். அன்று பையில் கிடந்த இரண்டு வாழைப்பழம்தான். வாயைத் திறந்து 'ஹை' சொல்லிவிடுங்கள்.