அரிச்சல்முனை: மாலையில் காரைத் திருப்பி அனுப்புவது ஏன்?

மாலை நான்கரைக்கு ராமேஸ்வரம் வந்து இறங்கி, அங்கிருந்து காரில் தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போய்ச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாமா, போன முறை திருப்பி அனுப்பியது சாலை பழுதாலா என்று கேட்டிருந்தீர்கள். அந்த நேரத்துக்கு அது நடக்காது. போன முறை வழியிலுள்ள சோதனைச்சாவடியில் உங்களைத் திருப்பி அனுப்பியது சாலை பழுதால் அல்ல. மாலையானால் புதிதாக வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் இருட்டுவதற்குள் கிளப்பிவிடுவார்கள்.

காரணம் இடம் அப்படி. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி மீனவர் குடிசைகளோடு நின்றுபோன ஊர். பக்கத்து மீனவர் குப்பமான கம்பிப்பாடும் அதே கதைதான். இரு பக்கமும் கடல், நடுவில் ஒற்றைச் சாலை. அதுவும் 2017-இல்தான் முனை வரை வந்தது. அதற்கு முன் மணலில் வேன் சவாரி, இடுப்பு கழன்றுவிடும்!

மேப்பில் ‘தனுஷ்கோடி’ என்று போட்டிருந்தால் அதையும் சரிபாருங்கள். அது இடிந்த தேவாலயம் இருக்கும் பழைய ஊர். முனை இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி. ராமேஸ்வரம் கோயிலிலிருந்து முனைக்குச் சுமார் 20 கிலோமீட்டர்.

என் யோசனை: இரவு ராமேஸ்வரத்தில் தங்கி, விடிகாலையில் சாவடி திறந்ததும் போங்கள். கூட்டமும் இருக்காது. பெட்ரோல் ஊரிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: சாவடி நேரம் மாறும், கடல் சீறினால் பகலிலேயே மூடுவார்கள், மணலும் கல்லும் சாலையில் ஏறிவிடும். முந்தின இரவு விடுதியிலோ ஆட்டோக்காரரிடமோ கேட்டுவிட்டு அலாரம் வையுங்கள்.