இதயத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

கேள்வி: மம்மி செய்யும்போது மற்ற உறுப்புகளை எடுத்த எகிப்தியர்கள், இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டார்களாமே?
(வாசகர், தென்காசி)

பதில்: அறிவு, நினைவு, செய்த நல்லது கெட்டது எல்லாம் இதயத்தில்தான் தங்கும் என்று நம்பினார்கள். மூளையை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மூக்கு வழியாகக் கம்பி விட்டுக் கிளறி எடுத்துவிடுவார்கள்.

மறுமையில் விசாரணை இதயத்துக்குத்தான். தராசின் ஒரு தட்டில் அது, மறு தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் தெய்வமான மாஅத் தேவியின் இறகு. நரித் தலைத் தெய்வம் அனுபிஸ் தராசைச் சரிபார்ப்பார், எழுத்துக்கான தெய்வம் தோத் தீர்ப்பை எழுதிக்கொள்வார். விசாரணைக்கு அமர்ந்திருக்கும் 42 தெய்வங்களையும் பெயர் சொல்லி விளித்து, ‘திருடவில்லை’, ‘பொய் சொல்லவில்லை’ என்று இறந்தவர் ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். இதயம் கனத்தால், முதலைத் தலையோடு அங்கேயே காத்திருக்கும் அம்மித் என்ற அரக்க விலங்கு அதை விழுங்கிவிடும். அப்புறம் அந்த ஆளுக்கு மறுமையே கிடையாது.

சொந்த இதயமே காட்டிக்கொடுத்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பச்சைக் கல்லில் வண்டு உருவம் செதுக்கி, ‘இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே’ என்ற மந்திரத்தை அதன் அடிப்பக்கம் பொறித்து மார்பின்மேல் வைப்பார்கள். சாட்சியின் வாயைக் கட்டிவிட்டுத்தான் நேர்மைக்கான விசாரணைக்கே போகிறார்கள்!

கேள்வி: உடலை உப்பில் புதைத்தாலே மம்மி ஆகிவிடுமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: சமையல் உப்பு அல்ல, நேட்ரான். சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் முக்கியமாகக் கலந்த இயற்கை உப்பு. எகிப்தின் வாதி நத்ரூன் ஏரிப் பகுதியில் கிடைத்தது. முதலில் அழுகுவது வயிறுதான் என்பதால், இடுப்புக்கு மேலே இடப்பக்கம் கீறி, குடல், இரைப்பை, கல்லீரல், நுரையீரலை எடுத்துத் தனியே உலர்த்துவார்கள். வயிற்றுக்குள் துணியில் முடிந்த நேட்ரான் பொட்டலங்கள்; உடலைச் சுற்றிலும் உலர்ந்த நேட்ரான் குவியல். 1994-இல் அமெரிக்காவில் இதே முறையில் ஓர் உடலைப் பதப்படுத்தியபோது 250 கிலோவுக்கு மேல் தேவைப்பட்டது. மொத்தம் 70 நாள். அதில் சுமார் 40 நாள் உலர்த்தவே போய்விடும். மீதி நாள்களில் எண்ணெய், பிசின், லினன் துணிக் கட்டு.

கை மீறினாலும் கெட்டுவிடும். 21-ஆம் வம்சத்து ஹெனுத்தாவி அரசியின் முகம் பொலிவாகத் தெரிய வேண்டும் என்று தோலுக்கடியில் அளவுக்கு மேல் திணித்துவிட்டார்கள், கன்னம் வெடித்துவிட்டது. இளம் மன்னன் துட்டன்காமன் மேல் பிசின் தைலத்தை அள்ளி ஊற்றியதில் உடல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. 1925-இல், அவர் கல்லறையைக் கண்டுபிடித்த தொல்லியலாளர் கார்ட்டரின் குழுவினர் அதைத் துண்டு துண்டாகத்தான் வெளியே எடுக்க முடிந்தது.

கேள்வி: கல்லறைகளில் நூற்றுக்கணக்கில் குட்டிப் பொம்மைகள் இருக்கின்றனவே, எதற்கு?
(வாசகர், காரைக்குடி)

பதில்: மறுமையிலும் வயல் வேலை உண்டு. இறந்தவரைக் கூப்பிட்டால் ‘இதோ வந்தேன்’ என்று அவருக்குப் பதிலாகப் போகும் கூலியாட்கள் அவை, பெயர் ஷப்தி. பிற்காலத்தில் முழுக் கணக்கு 401. நாளுக்கொருவராக 365, பத்துப் பேருக்கொரு மேஸ்திரி வீதம் 36. துட்டன்காமனிடம் 413: மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 மேற்பார்வையாளர்கள்.