கேடி88 வால்வுகளைக் கொண்டு 100 வாட் ஆம்ப்ளிஃபையர் கட்ட, எதிலிருந்து தொடங்குவது?

இரண்டு கேடி88 வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை) புஷ்-புல் முறையில், அதாவது இரண்டும் மாறி மாறி அலையின் எதிரெதிர்ப் பாதிகளைத் தள்ளும்படி வைத்து, 100 வாட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கட்ட விரும்புவதாகவும், முதலில் எதில் கவனம் செலுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வால்வுகளின் அதிக வோல்ட்டேஜை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் என்பதே என் பதில். வால்வை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தரம் குறைந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்திவிட்டால், அந்தக் குறையை வேறு எந்தப் பாகத்தாலும் ஈடுகட்ட முடியாது.

560 வோல்ட் சப்ளையில், பிளேட்டுக்குப் பிளேட் (இரு வால்வுகளின் வெளியீட்டு முனைகளுக்கிடையே) 4,500 ஓம் சுமையுடன் 100 வாட் எடுக்கும்போது, டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுகள் இணையும் பிரைமரி சுருளின் இரு முனைகளுக்கிடையே சுமார் 670 வோல்ட்டும், அலையின் உச்சத்தில் 950 வோல்ட்டும் நிற்கும். இதே வோல்ட்டேஜில் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் இரும்புக் கோரின் காந்தப் பாயம் இரு மடங்காகும். ஆகவே 40 ஹெர்ட்ஸில் 100 வாட் தாங்கும் கோர், 20 ஹெர்ட்ஸில் பாதி வோல்ட்டேஜையே தாங்கும்; அதாவது அதில் கால் பங்கான 25 வாட்டைத்தான் தாங்கும். எந்த அதிர்வெண் வரை என்று சொல்லாமல் வெறுமனே '100 வாட்' என்று விற்கப்படும் டிரான்ஸ்ஃபார்மரை நான் வாங்கமாட்டேன். 1951-இல் அமெரிக்கப் பொறியாளர்கள் ஹாஃப்லரும் கெரோஸும் பரவலாக்கிய அல்ட்ரா-லீனியர் இணைப்புக்கு (வால்வின் ஸ்கிரீன் கிரிட்டைப் பிரைமரி சுருளின் இடையில் இணைக்கும் முறை), அந்தச் சுருளில் சுமார் 40 சதவீதத்தில் டேப் (இடை இணைப்பு) எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளையும் அதே அளவு உறுதியாக இருக்க வேண்டும். ஓய்வில் ஒவ்வொரு வால்வும் சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். முழு ஒலியில் அது உச்சத்தில் 400 மில்லி ஆம்பியரைத் தாண்டும். ஹீட்டர்களுக்கு 6.3 வோல்ட்டில் வால்வுக்கு 1.6 ஆம்பியர் தனியாக வேண்டும்.

அடுத்து பயாஸ், அதாவது ஓய்வில் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்க அதன் கிரிட் முனைக்குக் கொடுக்கும் நெகட்டிவ் வோல்ட்டேஜ். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக அதைச் சரிசெய்யும் வசதி வையுங்கள். கேத்தோடில் (வால்வில் எலக்ட்ரான்களை வெளிவிடும் முனையில்) 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால், அதன் மேல் அரை வோல்ட் காட்டும்போது 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று மல்டிமீட்டரிலேயே தெரிந்துவிடும். பலர் விட்டுவிடும் நுட்பம் ஒன்று உண்டு: பயாஸ் பொட்டென்ஷியோமீட்டரின் (திருகி மாற்றும் ரெசிஸ்டரின்) நடு முனை தொடர்பை இழந்தால் கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்ட்டேஜ் கிடைக்காமல், சில நொடிகளிலேயே பிளேட் சிவந்துவிடும். நடு முனைக்கும் மிக அதிக நெகட்டிவ் உள்ள முனைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால், தொடர்பு அறுந்தாலும் வால்வு அணைந்த நிலைக்கே போகும். கிரிட்டுக்குப் பயாஸைக் கொண்டு செல்லும் கிரிட் லீக் ரெசிஸ்டரை 100 கிலோ ஓமுக்கு மேல் போகவிடாதீர்கள்.

இந்த வோல்ட்டேஜ் உயிரைப் பறிக்கக்கூடியது. 560 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சுமார் 16 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். 200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இரண்டைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கிலும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தாலும், மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவை வடிய நான்கு நிமிடம் ஆகும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். சேஸிஸுக்கு எர்த் கட்டாயம் வேண்டும்.

முதல் சோதனையை ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 வாட்டைத் தாங்கும் 8 ஓம் ரெசிஸ்டரில், ஃபீட்பேக் கம்பியை (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுப் பக்கம் திருப்பும் கம்பியை) இணைக்காமல் நடத்துங்கள். சுமையே இல்லாமல் சிக்னல் கொடுத்தால் பிரைமரியில் எழும் வோல்ட்டேஜ் சுருளின் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். எல்லாம் நிலையாக இருந்தபின் ஃபீட்பேக்கை இணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் ஊளையிட்டால், உடனே நிறுத்தி, அவுட்புட் வால்வுகளின் பிளேட்டுக்குப் போகும் இரு கம்பிகளை இடம் மாற்றுங்கள். அல்ட்ரா-லீனியர் என்றால் ஸ்கிரீன் கம்பிகளையும் அவற்றோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.